சுழல்வண்ணனைத் துறந்தவர்

மலையடிவாரத்தில், பேருந்து திரும்பி நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மடம் இருந்தது. அங்கே சேருகிறவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. விட முடியாத ஒன்றைக் கையோடு கொண்டுவரலாம். ஒன்றே ஒன்று.

ஒருவர் வெற்றிலைச் செல்லத்தோடு வந்தார். ஒருவர் கிரிக்கெட் கேட்க ரேடியோ கொண்டுவந்தார். சமையல் பார்க்கும் செல்லக்கனி தன் வீட்டு ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்தாள். அதை பஸ்ஸிலிருந்து இறக்க டிரைவர், கண்டக்டர், பக்தர்கள் எல்லோரும் சேர வேண்டியிருந்தது.

அந்தப் பொருளின் மேல் பற்று விட்டுப்போன அன்று, கொண்டுவந்தவர் குருவிடம் போய்ச் சொல்லலாம். குரு தன் கையாலேயே தலை மழித்துக் காவி கொடுப்பார். மழித்துக்கொண்டிருக்கும்போதே, தலையைக் கொடுத்தவர் தன் பொருளை இன்னொருவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற நேரத்தில் தலைமேல் கத்தி இருக்கும்.

கோமதிநாயகம் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து, "ராஜபாளையம் வழியாக மதுரை செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்" என்று மைக்கில் சொல்லியே தொண்டை பழுத்தவர். மனைவி காலமானாள். மகள் துபாய்க்குப் போனாள். அவர் மடத்துக்கு வந்தார். பெட்டிக்குள் மாற்று வேட்டி இல்லை. சுழல்வண்ணன் எழுதிய நாவல்கள் இருந்தன. அட்டைக்கு அட்டை ஒரு கத்தி, ஒரு கண், ஒரு சொட்டு ரத்தம்.

"இது ஒண்ணா?" என்று குரு கேட்டார்.

"ஒரே ஆளும்மா," என்றார் நாயகம்.

குரு சிரித்தபடி வழிவிட்டார். அவருக்கு நாயகத்தின் மகள் வயது. நாயகம் அவரை அம்மா என்றார். அவர் நாயகத்தை ஐயா என்றார். இரண்டு பேருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை.

சாயங்கால வேளைகளில் நாயகம் கதை சொல்வார். இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், பணக்கார விதவைக்கு ஒரு குரல், அவள் வளர்க்கும் நாய்க்கு ஒரு குரல். கதவு திறக்கிற சத்தத்துக்கே தனியாக ஒன்று வைத்திருந்தார். அது நன்றாக எண்ணெய் போடாத கதவு. மடமே வட்டம் கட்டி உட்கார்ந்திருக்கும். ஆனால் கேட்டவர்கள் ஒவ்வொருவராகத் தலை மழித்துக் காவிக்கு மாறினார்கள். பின்னால் வந்த ரேடியோக்காரர்கூட இப்போது ரேடியோ சாமி. நாயகம் மட்டும் வெள்ளை வேட்டியில் நின்றார். காவி கட்டியவர்கள் வரிசையாகப் போகும்போது, அவர் ஏதாவது ஒரு வாளியை இடமாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சுழல்வண்ணன் நாலு வருஷமாக ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினார். கூரியர்காரர் கீழேயிருந்து போன் போட்டார்.

"சார், மடம்னா எது சார்? கொடிமரம் இருக்கே, அதுவா? மேல ஏறணுமா? நான் கீழதான் சார் நிக்கிறேன், நீங்களே வந்திருங்களேன்."

நாயகம் செருப்பை மறந்துவிட்டு ஓடினார்.

'ஏழாவது அறையின் மூச்சு.' உளவியல் மர்ம நாவல். பின்னட்டையில், பல புகழ்வரிகளுக்கு மேலே, 'இதைப் படித்தபின் உங்கள் நிழலையே நீங்கள் நம்ப மாட்டீர்கள்' என்று இருந்தது. நாயகம் கை கழுவிவிட்டு வந்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

தனியாக வாழும் ஒரு பெண். வீட்டில் பொருள்கள் இடம் மாறுகின்றன. தனக்குத்தான் புத்தி பிசகுகிறதோ என்று ஒரு மனநல மருத்துவரிடம் போகிறாள். மருத்துவர் மென்மையாகப் பேசுகிறார். மாத்திரை கொடுக்கிறார். நாலாவது அத்தியாயத்தில் அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே, "வீட்டுச் சாவி வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

நாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவன்தான்.

உடனே தலையை ஆட்டிக்கொண்டார். சுழல்வண்ணனாவது இப்படி வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போவதாவது. இது கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலை. இனிமேல் ஒரு திருப்பு திருப்புவார் பாருங்கள் என்று படித்துக்கொண்டே போனார். பக்கம் குறைந்துகொண்டே வந்தது. திருப்பம் வரவில்லை. மருத்துவர்தான். கடைசி அத்தியாயம் முழுக்க அவரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "சின்ன வயதில் என் அம்மா என்னை இருட்டறையில் பூட்டுவாள்" என்று காரணம் சொன்னார். நாயகம் அந்தக் காரணத்தையும் முன்பே யோசித்து வைத்திருந்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் போகவில்லை. நேராகக் குருவிடம் போனார். குரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெட்டியை விட்டுட்டேன்."

"எதை?"

"சுழல்வண்ணனை. பற்று போயிட்டு. சுத்தமாப் போயிட்டு. எனக்குக் காவி கொடுங்க."

குரு தொட்டிக்குள்ளிருந்தே அவர் முகத்தைப் பார்த்தார். "எப்போ போச்சு?"

"இப்பத்தாம்மா. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி."

"எப்படி இருக்கு?"

"காலியா இருக்கு. விருப்பும் இல்ல, வெறுப்பும் இல்ல. அந்த ஆளு எழுதினா என்ன, எழுதாட்டா என்ன. எழுதிக் கிழிச்சது போதும். இத்தனை வருஷம் அந்த ஆளை நம்பி..." குரல் உடைந்தது. "அமைதியா இருக்கும்மா."

"சரி. நாளைக்குக் காலையில உட்காருங்க," என்றார் குரு.

மறுநாள் கிணற்றடிக் கல்லில் நாயகம் உட்கார்ந்தார். ரேடியோ சாமியும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். மடித்த காவி வேட்டி ஒரு தாம்பாளத்தில் இருந்தது. நாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குரு தலையில் தண்ணீர் தெளித்து, வலது காதுக்கு மேலிருந்து ஆரம்பித்தார். கத்தி சீராக ஏறியது. வலது பாதி வெளிச்சமானது.

"யாருக்குக் கொடுக்கறீங்க?"

"பழைய பேப்பர்காரன் வருவாம்லா, அவன்ட்ட."

கத்தி நின்றது. "அவர் படிப்பாரா?"

"எடை போடுவான்."

"படிக்கிறவங்களாப் பாருங்க."

நாயகம் சுற்றிலும் பார்த்தார். "செல்லக்கனி."

செல்லக்கனி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாயகம் பக்கத்தில் வைத்திருந்த பெட்டியின் மேலிருந்து புதுப் புத்தகத்தை முதலில் எடுத்து நீட்டினார். பிறகு யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். தலையில் தெளித்த தண்ணீர் காய ஆரம்பித்தது.

"அட்டை கெட்டியா இருக்கு," என்றார்.

ரேடியோ சாமி இருமினார்.

"உண்மைதான்," என்றார் குரு. "இத்தனை வருஷமும் அட்டைக்காகவா வாங்கினீங்க?"

"என்னத்தம்மா சொல்லச் சொல்லுதிய? டாக்டர்தாம்மா செஞ்சிருக்கான். நாலாவது அத்தியாயத்திலேயே தெரிஞ்சிட்டு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும். எல்லாம் அந்த டாக்டர் பய வேலை."

செல்லக்கனியின் கை பாதி வழியில் நின்றது.

"ஏன் அண்ணாச்சி, நான் இன்னும் கையிலகூட வாங்கலியே. இலையில சோறு விழுமுன்ன நல்லால்லன்னு சொல்லிட்டா, பொறவு எப்படி உக்காந்து திங்க?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குரு கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"மீதி, அம்மா?"

"குப்பையைக் கொட்டுறதுக்குக் காவி எதுக்குய்யா? செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து வண்டி வருதே."

ரேடியோ சாமி தாம்பாளத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நாயகம் பாதித் தலையோடு நடமாடினார். இடது பக்கம் சுருள் முடி. வலது பக்கம் வெயில் பட்டு மின்னியது. கீழே பஸ் திரும்பும்போது டிரைவர் ஹாரன் அடித்துக் கும்பிட்டார். ஒரு பக்தர் பயபக்தியோடு நெருங்கி, "இது எந்த வேண்டுதல் சாமி? வலது மட்டும்தானா, இல்ல இடதுக்கும் உண்டா?" என்று கேட்டார். ஒரு அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று காலில் விழுந்தாள்.

"நானே மழிச்சு விட்ருதேனே," என்றார் ரேடியோ சாமி. "ஒரு நிமிஷ வேலை."

"முடி போயிரும்," என்றார் நாயகம். "காவி வராதே."

"நான் என் ரேடியோவைக் கொடுக்கும்போது என்ன சொன்னேன் தெரியும்லா? மழை பெஞ்சா கொரகொரக்கும், ஆனா விக்கெட் விழுந்தா பளிச்சுனு சொல்லிரும்னேன். அவ்வளவுதான்."

"உம்ம ரேடியோ உம்ம ஏமாத்தலை வே."

நாயகம் நல்ல வார்த்தை தேடினார். தொட்டியடியில் குரு பாசி தேய்க்கும்போது போய், "தாள் நல்ல வெள்ளை," என்றார். குரு தேய்த்தார். "அச்சுப்பிழை இல்லை," என்றார். குரு தேய்த்தார். கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி, பேருந்து நிலையத்துக் குரலில், "மனித மனத்தின் இருண்ட மூலைகளுக்கு வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நாவல்," என்றார்.

"இது பின்னட்டையில இருக்கு," என்றார் குரு.

நாயகம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அந்த ஆளு என்னை ஏமாத்திட்டாரும்மா."

"முந்தின புத்தகத்துல எல்லாம் ஏமாத்தினது இல்லையா?"

"எல்லாத்துலயும் ஏமாத்துவார். அது நல்லா இருக்கும்."

"இதுல?"

"இதுல ஏமாத்தல. அதான்."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. பிறகு கேட்டார்:

"நாலாவது அத்தியாயத்திலேயே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் என்ன படிச்சீங்க?"

"டாக்டரைத்தான். எப்போ மாட்டுவான், எப்படி மாட்டுவான்னு அவனையே பார்த்துக்கிட்டு வந்தேன்."

"வீட்டுல தனியா இருந்தாங்களே, அந்தப் பொண்ணு?"

"அவ உண்டு. வருவா."

"பேரு என்ன?"

நாயகம் வாயைத் திறந்தார். "ஷர்மிளா," என்றார். "இல்ல. ஷ-வுலதான் வரும். ஷீலா... ஷாலினி." மழித்த பக்கத்தைத் தடவினார். ஊர் ஊராக, தடம் தடமாக, ஒரு பஸ் விடாமல் மனப்பாடமாகச் சொன்ன மனிதர்.

"போய்ப் பேரைப் பார்த்துட்டு வாங்க," என்றார் குரு.

அவர் பெயரை மட்டும் பார்க்கத்தான் போனார். மோட்டார் அறையின் நிழலில் நின்றபடியே புத்தகத்தை எங்கோ நடுவில் பிரித்தார். ஷைலஜா. அந்தப் பக்கத்தில் முதல் வரியிலேயே இருந்தது. வாக்கியம் முடியவில்லை, அடுத்த வரிக்குப் போனார்.

ஷைலஜா படுக்கப் போகுமுன் வாசல் கதவின் தாழ்ப்பாளிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு கறுப்பு நூல் கட்டுவாள். யாராவது உள்ளே வந்தால் அறுந்துவிடும். விடிந்ததும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்ப்பாள். அன்றைக்கு நூல் அறுந்திருக்கவில்லை. 'ஷைலஜாவுக்கு நிம்மதி வரவில்லை. யாராவது வந்துபோயிருக்கலாம் என்று இருந்தது.'

அவ்வளவுதான். அடுத்த பத்தியில் மருத்துவர் வந்துவிடுகிறார். முன்பு படித்தபோது மருத்துவரைத் தேடி நாயகம் இந்தப் பக்கத்தை ஒரே தாவலாகத் தாவியிருந்தார்.

இப்போது உட்கார்ந்தார். மோட்டார் ஓடி நின்றது. மகள் துபாய் போன பிறகு, தினமும் எழுந்தவுடன் அவர் செல்போனை எடுத்துப் பார்ப்பார். ராத்திரி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நல்லவேளை, கெட்ட சேதி ஒன்றும் இல்லை என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வரியைத் திரும்பப் படித்தார். பிறகு முதல் அத்தியாயத்துக்குப் போனார்.

அடுப்படியில் செல்லக்கனி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாயகம் வாசலில் நின்றார்.

"செல்லக்கனி. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"டாக்டருதான? அது கெடக்கு. இப்ப என்ன வேணும் அண்ணாச்சிக்கு?"

"ஒரு பக்கம் வாசிக்கட்டா?"

"வாசிங்க. கைதான வேலை செய்யுது, காது சும்மாதான இருக்கு."

நாயகம் ஆரம்பித்தார். ஷைலஜாவுக்கு என்ன குரல் வைப்பது என்று ஒரு கணம் திணறினார். அவரிடம் இருந்த குரல்கள் எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. தன் சொந்தக் குரலிலேயே வாசித்தார். அந்தக் குரலில் அவர் பேசி அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை. மைக் இல்லாத குரல். நூல் அறுந்திருக்கவில்லை என்ற இடத்தில் செல்லக்கனியின் கத்தி மெதுவானது. அடுத்த வரியில் நின்றது.

"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் மருத்துவர் வருகிறார். நாயகம் அவருக்கு வெண்ணெய் தடவிய குரலைக் கொடுத்தார். "உங்களுக்கு ஒன்றுமில்லை ஷைலஜா. நன்றாகத் தூங்குங்கள்."

"வந்துட்டான் பாரு," என்றாள் செல்லக்கனி. "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைட்ட யாராச்சும் போயிச் சொல்லக் கூடாதா? சாவியைக் கொடுத்துறப் போறா."

"கொடுத்துருவா."

"சொல்லாதிய. வாசிங்க."

நாயகம் அவளைப் பார்த்தார். செய்தவன் யார் என்று தெரிந்தே அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் வாசித்தார். ஒரு பக்கம் என்றது ஓர் அத்தியாயமானது. அத்தியாயம் மூன்றானது. அன்றைக்கு மடத்தில் கூட்டு இல்லை. எல்லோரும் ஊறுகாய் தொட்டுக்கொண்டு மோர்ச்சோறு தின்றார்கள். குருவும்தான். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து, செல்லக்கனி கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். "கொடுங்க. மிச்சத்தை நானே படிச்சுக்கிடுதேன்."

நாயகம் கொடுத்தார். புத்தகம் அவள் கைக்குப் போனது. அவர் விரல் அட்டையிலேயே இருந்தது.

"கடைசி அத்தியாயத்துல அந்தப் பய உக்காந்து வளவளன்னு பேசுவான். அதைத் தள்ளிரு. ஆனா அதுக்கு முந்தி, அவ சாவியைத் திருப்பிக் கேக்கப் போற இடம் இருக்கு பாரு. அதை மெள்ளப் படிக்கணும். ஓடக் கூடாது. நான் ஓடிட்டேன்."

"சரி அண்ணாச்சி. விரலை எடுங்க."

"முடிச்சிட்டுத் தந்துருவேல்லா?"

செல்லக்கனி அவர் பாதித் தலையைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் நாயகம் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒன்றில் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர் வருவான். செத்துப்போனவன் அவன்தான் என்பது மட்டும்தான் நாயகத்துக்கு நினைவிருந்தது. இப்போது பார்த்தால் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். நாயகம் புத்தகங்களுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தார். தன் பற்று எத்தனை பெரியது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெட்டிக்குள் அடங்குகிற அளவாக இல்லை.

விடிந்ததும் குருவிடம் போனார். குரு கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஷைலஜா," என்றார் நாயகம்.

குரு தலையை ஆட்டினார்.

"அம்மா, எனக்குக் காவி வேண்டாம்."

"ஏன்?"

"பற்று போகலை. போயிட்டுன்னு நினைச்சேன். வெறும் கோவம்மா அது. உங்ககிட்ட அமைதியா இருக்குன்னு வேற சொன்னேன்." கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தார். "டாக்டர் விஷயத்துல நான் சொன்னது சரிதான். அந்த ஆளு இதைச் சரியா எழுதல. கடைசி அத்தியாயம் குப்பைதான். ஆனா ஒரு நூலைக் கட்டிட்டாரும்மா. அந்த ஆளு எழுதினதுல ஒரு தாளைக்கூட என்னால விட முடியாது. சரியா எழுதாததையும் சேர்த்துத்தான் சொல்லுதேன்."

"செல்லக்கனி காலையில வந்து சொன்னா," என்றார் குரு. "நீங்க அவகிட்ட மெள்ளப் படிக்கணும்னு சொன்னதை."

"அது சும்மா பேசிக்கிட்டு இருந்தது. நல்ல வார்த்தைன்னு நினைச்சுச் சொல்லலை." நாயகம் எழுந்தார். "மழிச்ச பக்கமும் வளர்ந்துரும். நான் வெள்ளையிலேயே இருந்துக்கிடுதேன். வருத்தம் இல்லம்மா. நிஜமாவே இல்ல."

குரு பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

"பெட்டியைக் கொண்டு வாங்க."

"அம்மா, பற்று போகலைன்னுதான சொல்லுதேன்."

"கேட்டுச்சு."

"அன்னைக்குப் பற்று போயிட்டு, காவி கொடுங்கன்னு வந்து நின்னேன். பாதியிலே எழுப்பி விட்டிய. இன்னைக்கு விட முடியலைன்னு வந்து நிக்கேன். கொண்டு வாங்கங்கிய."

"ஆமா."

"இன்னைக்குக் கொடுத்தா எனக்கு வலிக்கும்மா."

குரு கல்லிலிருந்து நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"அன்னைக்குக் கொடுக்கிறதுக்கு உங்ககிட்ட என்னய்யா இருந்துச்சு?"